நீள்திருப்புளியார் மடிக்கணினி தேர்ந்த படலம்

வாழி, ஐயனே, வாழி! ஏழடுக்கும் பத்தடுக்குமாய் விண்முட்டி நிற்கும் மாளிகைகளின் இருள்மண்டிய குடற்குழிகளில் இறங்கி, இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுபோன இரும்புப் பேழைகளுள் வியர்த்து விழிபிதுங்கும் மாந்தரை வெளிக்கொணர்ந்து, "ஒண்ணுமில்லீங்க, சின்ன ப்ராப்ளம்தான்" என்னும் அபயமொழி அருளி, கிரீஸ் தோய்ந்த செங்கையைக் காற்சட்டையில் துடைத்தவாறே அடுத்த மாளிகைக்கு எழுந்தருளும் அருந்திறல் வீரனே, மின்தூக்கிகளின் மருத்துவனே, எஃகுவடம் தாங்கிய தோளனே, வாழி!

இவ்வாறெல்லாம் அவரை ஒருவரும் ஒருநாளும் விளித்ததில்லை. "லிஃப்ட்காரர் வந்துட்டாரா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். ஆயினும் பெரும்போர் ஒன்றைப் பாடப் புகுந்தவர்கள் நாயகனை வாழ்த்தாமல் தொடங்கினால் நன்றாயிராது. ஆகவே வாழ்த்தினோம்.

பிற வீரர்க்கு வாளும் வேலும் எவ்வாறோ அவ்வாறே நம் நாயகர்க்கு முழங்கை நீளத் திருப்புளி ஒன்று. ஸ்க்ரூட்ரைவர் என்று உலகம் அதை எளிதாகச் சொல்லிவிடும். திருகாணி திருகுதல் அதன் சிறுதொழில், பெருந்தொழில் வேறு. ஓடுகின்ற மோட்டாரின் முதுகில் அதன் இரும்பு முனையை ஊன்றி, மரப்பிடியை வலச்செவியில் பொருத்தி, இமைமூடி, மூச்சடக்கி, சூழ நிற்போர் இருமவும் அஞ்சி நிற்க, உள்ளே சுழலும் உருளைகளின் குறைகளையெல்லாம் அவர் கேட்டறிவார். "பேரிங் போயிடுச்சு" என்பார், போயிருக்கும். "இன்னும் தாங்கும்" என்பார், தாங்கும். இந்தச் செவியாலும் இந்தக் கருவியாலும் அவர் பெற்ற பட்டம் நீள்திருப்புளியார். பட்டம் அளித்தவர்கள் நாமே.

இத்தகையோர் மனையில் எப்பொருளும் இயற்கை மரணம் எய்தியதில்லை. மின்விசிறி மாண்டு மாண்டு எழுந்தது. இஸ்திரிப்பெட்டியின் உடல் ஒரு நிறுவனத்தது, வால் வேறொரு நிறுவனத்தது. மிக்ஸி முழங்கத் தொடங்கினால் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து, "என்ன, செவுத்துல ஓட்ட போடறீங்களா?" என்று வினவுவர், ஆயினும் அரைக்கும். அவருடைய ஒரே மகள், கல்லூரி செல்லும் வயது வந்தபின்னும் அவரால் மட்டும் பாப்பா என்று அழைக்கப்படுபவள், பேச்சு வந்த நாள்தொட்டு அவரிடம் மிகுதியாகச் சொன்ன வாக்கியம், "அப்பா, இது ஓடல" என்பதே. சாவி கொடுத்தால் தாவும் தகரத் தவளை, சைக்கிள், கைக்கடிகாரம், காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவி என்று பொருள்கள் மாறின; வாக்கியம் மாறவில்லை. அதைக் கேட்ட கணமே அவர் பாதிச் சோற்றில் கையை உதறி எழுவார். அவ்வாறு எழும்போது அவர் உள்ளத்தில் பொங்கும் மகிழ்ச்சியை அவர் எவரிடமும் சொன்னதில்லை. நாம் சொல்லிவிடுகிறோம், இல்லையேல் இந்தப் போர் உங்களுக்கு விளங்காது.

பாப்பாவுக்குக் கட்டடக்கலை பயிலும் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரியோ, ஓரிரவு முழுதும் ரயிலில் உறங்கி எழுந்தால் வரும் தொலைநகரில் இருந்தது. வரைபடம் வரைவதற்கு மாணவர் ஒவ்வொருவரும் சொந்த மடிக்கணினியோடு வருக என்று அங்கிருந்து மின்னோலை வந்தது. அதைப் பாப்பா படித்து முடித்ததும் நாயகர் எழுந்தார். கூடத்தின் நடுவே, அவர் கையால் உயிர்பெற்ற மின்விசிறியின் கீழ் நின்று முழங்கினார்:

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு ஸ்க்ரூகூட லூசாகாத மெஷினா நானே பாத்து வாங்கறேன். வெலையும் நியாயமா இருக்கணும், பொருளும் நிக்கணும். அங்க போய் அது ஓடாம நின்னுச்சுன்னா யாரு ஓடுவா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவர் நெஞ்சில் தைத்த முள். வீட்டில் எது நின்றாலும் கூப்பிடு தூரத்தில் அவர் இருந்தார். அந்தத் தொலைநகரில் மடிக்கணினி நின்றால் அவர் இருக்கமாட்டார். ஆகவே அது நிற்கவே கூடாது. நிற்காத ஒன்றைக் கண்டுபிடித்தே தீர வேண்டும். மகளுக்காக இனித் தன்னால் ஆகக்கூடிய காரியம் இது ஒன்றுதான் என்று அவர் எண்ணினார், எண்ணியபோது அவருக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அன்று மூண்டது ஒப்பீட்டுப் பெரும்போர். களத்தில் கணக்கற்ற குலத்தார் கொடி உயர்த்தி நின்றனர். விலையென்னும் வாள்வீச்சில் ஒருபாதியும், "கேள்விப்படாத கம்பெனியா இருக்கே" என்னும் வசைமொழியில் மறுபாதியும் மடிந்தபின் மூவர் எஞ்சினர். அம்மூவரின் வணிகப் பெயர்களை நாம் உரைக்கப்போவதில்லை. நமக்கு நாவன்மை உண்டு, அவர்களுக்கோ வழக்கறிஞர்கள் உண்டு. முதலாமவன் கருங்கவசன்: தடித்த தோலன், அலுவலகங்களில் வளர்ந்தவன், அழகு என்னும் சொல்லை அறியாதவன். இரண்டாமவன் வெள்ளிமேனியன்: உடலால் ஒரு விரற்கடைக்குள் அடங்குவான், விலையால் எதற்குள்ளும் அடங்கான். மூன்றாமவன் மலிவேந்தன்: பாதி விலைக்கு முழு வாக்குறுதி வழங்கும் வள்ளல்.

மாலைதோறும் வேலை முடித்து வந்து, தேநீர் ஆறி ஆடை படர்வதையும் அறியாராய், கைபேசியின் சிறுதிரையில் நாயகர் வாங்கியோர் வாய்மொழிகளைப் பயின்றார். ஐந்து விண்மீன் அளித்துப் புகழ்ந்தோரும் ஒற்றை விண்மீன் எறிந்து தூற்றியோரும் எதிரெதிர் அணிவகுத்து நின்ற அந்தச் சொற்போர்க்களத்தில் அவர் தன்னந்தனியாய்ப் புகுந்தார். கருங்கவசனுக்கு ஒற்றை விண்மீன் எறிந்த ஒருவன், அட்டைப்பெட்டி நசுங்கி வந்தது என்ற குற்றத்துக்காக எறிந்திருந்தான். வெள்ளிமேனியனுக்கு ஐந்தும் அளித்த ஒருத்தி, இன்னும் திறந்து பார்க்கவில்லை, ஆனால் நிறம் அருமை என்று எழுதியிருந்தாள். மலிவேந்தனை வானளாவப் புகழ்ந்த ஒருவன், சில மாதம் கழித்து அதே புகழுரையின் கீழ், எங்கே பழுது பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தான். ஒருவரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

நேரில் கேட்டறிவோம் என்று உடன் உழைப்போரை வினவினார். மொட்டைமாடி இயந்திர அறையில், மதிய உணவுக் கலங்கள் திறந்திருந்த நேரத்தில், மூத்த பணியாளர் ஒருவர் சோற்றை மென்றுகொண்டே தீர்ப்பு வழங்கினார்: "என்னுதயே வாங்கு. எத்தன வருஷமாச்சு, ஒரு கொற சொல்ல முடியாது." அவருடைய மடிக்கணினியை நாயகர் நன்கறிவார். மின்கம்பியை உருவினால் அணைந்துவிடும். திரையைச் சுவரில் சாய்த்தால்தான் நிமிரும். மனிதர்கள் தாங்கள் காசு கொடுத்து வாங்கியதைத் தங்கள் வாயால் பழிப்பதில்லை என்று அறிந்துகொண்ட நாயகர், அதன்பின் மனிதர்களிடம் கேட்பதை விட்டார்.

கேளாமலே சொன்னவன் ஒருவன் உண்டு. நாயகருடைய மனைவியின் தம்பி. கணினி சார்ந்த ஏதோ ஒரு தொழில் செய்பவன். என்ன தொழில் என்பது குடும்பத்தில் இன்னும் துலங்கவில்லை. அவன் தொலைபேசியில் உரைத்தது சிறிது, விளைத்த கேடு பெரிது: "மாமா, அவசரப்படாதீங்க. கொஞ்சம் பொறுத்தா புது மாடல் வருது, பழசு வெல எறங்கிடும்." பொறுத்தார். புதுமாடல் வந்தது. பழையதன் விலை இறங்கிற்று. ஆயின் புதியது பழையதினும் சிறந்ததோ என்னும் ஐயம் ஏறிற்று. மீண்டும் முதலிலிருந்து ஒப்பிட்டார். ஒப்பிட்டு முடிப்பதற்குள் வேறொரு புதுமாடல் வரவிருப்பதாக மைத்துனன் அறிவித்தான். இவ்வாறு வாரங்கள் உருண்டன. போரில் பொறுமையே வெல்லும் என்று நம்பிய நாயகர், ரயில் எவருக்காகவும் பொறுப்பதில்லை என்பதை மறந்தார்.

மறவாதவர் அவர் மனைவி. பள்ளியொன்றின் அலுவலகத்தில் அமர்ந்து, சேர்க்கைக்கு வந்த எத்தனையோ தந்தையரை ஒரே பார்வையில் வரிசைக்குத் திருப்பி அனுப்பிய பேராற்றல் படைத்தவர். மகளின் பெட்டியை மடித்த துணிகளால் நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் இறுதி எச்சரிக்கை விடுத்தார்: "நாளைக்கு சாயங்காலம் ரயிலு. இன்னைக்கு மெஷின் வரலன்னா உங்க ஸ்க்ரூட்ரைவரப் பொட்டில போட்டு அனுப்பிடுவேன். அதுலயே வரஞ்சுக்கட்டும்."

நாயகர் சட்டையை மாற்றினார். திருப்புளியைத் துடைத்துத் தோட்பையில் செருகினார். மகளை உடன் அழைத்துக்கொண்டு, பேருந்து பிடித்து, நகரின் பெருங்கடை நோக்கிப் படை நடத்தினார்.

கடை அந்தக் கட்டடத்தின் உச்சித் தளத்தில் இருந்தது. மேலேறும் மின்தூக்கியில் பிறரெல்லாம் தளங்களின் எண்களை நோக்கி நிற்க, நம் நாயகர் சுவரில் காதை வைத்து நின்றார். "கைடு ஷூ தேஞ்சிருக்கு, தடத்துல உரசுது" என்று மகளிடம் தாழ்குரலில் கூறினார். பாப்பா, "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கண்ணாடிக் கதவு தானே விலகி வழிவிட, குளிர்காற்று எதிர்கொண்டு வரவேற்க, வெண்ணொளி பொழியும் நீண்ட மேசைகளின்மேல் மூவரும் வாய்பிளந்து வரிசையாய் அமர்ந்திருக்கக் கண்டார். கழுத்தில் அடையாள அட்டை அணிந்த விற்பனையாளன் ஒருவன் புன்னகையே ஆயுதமாய் எதிர்ப்பட்டு, எத்தனை கோர், எத்தனை ஜிபி என்று எண்களை அம்பாகத் தொடுத்தான். நாயகர் இடக்கையை உயர்த்தினார். அம்புகள் நின்றன. வலக்கை தோட்பையுள் சென்றது, முழங்கை நீளத் திருப்புளி உறைகழன்று வெளிப்பட்டது, வெண்ணொளியில் மின்னிற்று.

"சார்... என்ன சார் பண்றீங்க?"

"சத்தம் போடாத தம்பி. கேட்டுட்டிருக்கேன்."

ஆம், கேட்டார். உலகில் மடிக்கணினி வாங்கப் போனோர் பலர் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், தூக்கிப் பார்த்திருக்கிறார்கள், விலையைப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறார்கள். அதன் வயிற்றில் இரும்பை ஊன்றிக் காதால் கேட்டவர் அவர் ஒருவரே. கடை அடங்கிற்று. தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் நின்ற கூட்டம் திரும்பிற்று. பாப்பா மெல்ல விலகிப் போய், தந்தையென்று ஒருவர் தனக்கில்லாதவள் போல அச்சுப்பொறிகளை ஆராயத் தொடங்கினாள்.

கருங்கவசனின் உள்ளே சிறுவிசிறி ஒன்று, மதிய உறக்கத்தில் இருக்கும் காவலாளியைப் போல் சீராக மூச்சுவிட்டது. குறித்துக்கொண்டார். வெள்ளிமேனியனுள் கொசு பாடிற்று. புருவம் சுளித்தார். மலிவேந்தனுள்ளோ ஏதோ ஒன்று உரசிற்று, நின்றது, பின் நினைவு வந்தாற்போல் மீண்டும் உரசிற்று. "இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்துக் கைவிட்டார்.

அப்போதுதான் அவர் கண்டார், மேசைகளுக்கு அப்பால், தனிப்பீடத்தின்மேல், தலைக்குமேல் தனிவிளக்கு ஒளிர, நான்காமவன் ஒருவன் வீற்றிருப்பதை. அவன் திரையில் பனிமலை ஒன்றும் அதன் அடியில் நீல ஏரியும் துலங்கின. நாயகர் அணுகினார், முனையை ஊன்றினார், செவியைப் பொருத்தினார். ஒலியில்லை. இடச்செவிக்கு மாற்றினார். மூச்சில்லை, முனகலில்லை, உரசலில்லை. இத்தனை ஆண்டுகளில் அவர் செவி கேட்டிராத, குறையே இல்லாத பேரமைதி அதனுள் நிலவிற்று. நாயகரின் மெய்சிலிர்த்தது. அஞ்சு வருஷமென்ன, ஆயுள் முழுதும் ஓடும் ஒன்றை மகளுக்காகக் கண்டுவிட்டோம் என்று விம்மி, திருப்புளியை உயரத் தூக்கி, கடை அதிர வெற்றிமுழக்கம் செய்தார்:

"பாப்பா! இங்க வாம்மா! இதான் மெஷினு! உள்ள ஒரு தேய்மானம் இல்ல, வெண்ணெ மாதிரி ஓடுது! எவ்ளோ ஆனாலும் இதையே எடு!"

விற்பனையாளன் தன் காலணிகளை நோக்கினான். பின்பு, இரக்கம் நிறைந்த குரலில், "சார், அது டம்மி சார்" என்றான். "உள்ள ஒண்ணும் கெடையாது. ஸ்க்ரீன்ல இருக்கறது ஸ்டிக்கரு."

பனிமலை அசையவில்லை. ஏரியும் அசையவில்லை. நாயகர் விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். காலி டப்பா பேசிற்று. தொலைக்காட்சிப் பக்கம் எவரோ சிரிப்பை இருமலாக மாற்றினர். எந்தச் செவி ஊரிலுள்ள மோட்டார்களின் உட்குறையெல்லாம் சொல்லிற்றோ, அந்தச் செவி மோட்டாரே இல்லாத ஒன்றுக்கு நற்சான்று வழங்கிவிட்டது.

"தெரியும் தம்பி" என்றார் நாயகர். "டம்மிதானான்னு பாத்தேன்."

வீழ்ந்தவனைக் கைதூக்க எண்ணிய விற்பனையாளன், தான் அறியாமலே போரின் கொடிய அம்பைத் தொடுத்தான். நல்ல எண்ணத்தோடுதான் தொடுத்தான். "சார், நீங்க ஏன் கஷ்டப்பட்டுக் கேட்டுட்டிருக்கீங்க? இந்தக் கருப்ப எடுத்துக்கோங்க. ரிப்பேர்னு திரும்பி வந்ததே ரொம்பக் கம்மி. அப்படியே வந்தாலும் ஒரு போன் போட்டா போதும், கம்பெனி ஆளு ஹாஸ்டலுக்கே போய் சரி பண்ணிக் குடுத்துடுவான். நீங்க எதுக்குமே கவலப்பட வேணாம், சார்."

நீங்க எதுக்குமே கவலப்பட வேணாம். இதைத்தானே அவர் தேடினார்? வாரக்கணக்கில் கண்பூத்துப் படித்ததும், பொறுத்ததும், பல பேர் பார்க்க இரும்பைக் காதில் வைத்ததும் இந்த ஒரு சொல்லுக்காகத்தானே? கிடைத்தபோது அது இனிக்கவில்லை. நிற்காத கருவி, நின்றாலும் ஓடிவர வேறொருவன். கம்பெனி ஆள் என்பவன் யாரென்று அவருக்குத் தெரியும். ஊரார்க்கெல்லாம் அவரே அந்த ஆள். தன் மகள் யாரோ ஒருவனிடம் "இது ஓடல" என்று சொல்லுவாள், அவன் திருப்புளி எடுப்பான், அவள் நன்றி சொல்லுவாள்.  நாயகருக்கு அழுகை வந்தது என்றே சொல்லிவிடலாம், வேறு சொல் தேடுவானேன்.

அக்கணம் நிகழ்ந்ததோ போர்களின் வரலாறு காணாத கட்சிமாற்றம். படைத்தலைவர் தன் படையை நோக்கியே திரும்பினார். கருங்கவசனின் கனத்தைப் பழித்தார், நிறத்தைப் பழித்தார், மூச்சு கொஞ்சம் ஓவராக இருக்கிறது என்றார். சற்றுமுன் கைவிட்ட மலிவேந்தனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "இதுக்கு என்ன கொறச்சல்? உரசற சத்தம்தானே, அது பெரிய விஷயமில்ல. எதாவதுன்னா நான் பாத்துக்குவேன்" என்று வாதாடினார். விலையில் பாதி மிச்சம் என்றார். ரயிலில் ஓரிரவுதானே என்றார். எந்தத் தந்தையும் மகளுக்குப் பரிந்துரைக்கத் துணியாத காரணங்களை அடுக்கினார். 

பாப்பா அச்சுப்பொறிகளை விட்டு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று அவளுக்கு முழுதும் புரிந்ததாகத் தெரியவில்லை. "அப்பா," என்றாள், "எது நிக்காதோ அதையே வாங்கலாம்ப்பா. ராத்திரி பகலா வரஞ்சது எல்லாம் சப்மிட் பண்ற அன்னைக்குப் போச்சுன்னா நான் அங்க தனியா என்ன பண்ணுவேன்?"

தனியா என்ற அந்தச் சொல் போதும். நாயகர் மலிவேந்தனை இருந்த இடத்திலேயே, தூக்கியதைவிடப் பதமாக, திரும்ப வைத்தார். கருங்கவசனைச் சுட்டினார். பணம் கைமாறிற்று, பெட்டி கைமாறிற்று, கம்பெனி ஆளின் தொலைபேசி எண் பொறித்த அட்டையும் கைமாறிற்று. அட்டையை மட்டும் நாயகர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாப்பா கேட்டு வாங்கிக்கொண்டாள். போர் முடிந்தது.

மறுநாள் மாலை ரயில் புறப்பட்டது. அதன்பின் எழுந்த காலமோ, கருங்கவசன் புகழ் பாடும் கொடுங்காலம். பாப்பா அம்மாவோடு பேசுவாள். பேச்சின் கடைசியில் கைபேசி நாயகரிடம் வரும். "மெஷின் எப்படிம்மா ஓடுது?" என்பார். "சூப்பரா ஓடுதுப்பா" என்பாள். "ஹீட் ஆகுதா?" "இல்லப்பா." "சத்தம்?" "இல்லவே இல்லப்பா. வேல இருக்கு, வச்சிடட்டா?" வைத்துவிடுவாள். உண்ணாது உறங்காது உழைக்கும் அந்தக் கரிய துரோகி, ஒருநாளேனும் இருமினானில்லை, முனகினானில்லை, ஒரு பொத்தானையேனும் ஒட்டிக்கொண்டு நிற்க விட்டானில்லை. ஒரே ஒரு பொத்தான் போதும் என்று நாயகர் சில வேளை நினைத்தார். அவசியமில்லாத பொத்தானாக, படம் வரையாத நாளாக இருந்தால் போதும். நினைத்தமைக்காக உடனே நாணினார். மோட்டார்களின் முதுகில் திருப்புளியை ஊன்றி நின்றவருக்கு, நினைவு எங்கோ போய்விட, சில மோட்டார்களை இருமுறை கேட்க வேண்டியதாயிற்று.

இவ்வாறிருக்கையில் ஒருநாள் உச்சிப்பொழுதில், உயர்மாளிகை ஒன்றின் இருட்குழியுள், நின்றுபோன மின்தூக்கியின் கூரைமேல் கால்பரப்பி, இடுப்பில் பாதுகாப்புப் பட்டையும் நெற்றியில் விளக்கும் துலங்க நாயகர் நின்றபோது, சட்டைப்பையில் இடியென முழங்கிற்று கைபேசி. எடுத்தார். திரையில் தோன்றியது மகள் பெயர். அவள் அழைக்கும் நேரமன்று அது, வகுப்பு நேரம். ஆ, வீழ்ந்தான் கருங்கவசன்! சப்மிட் பண்ணும் நாளில், நட்டநடுக் களத்தில், நம்பியவளைக் கைவிட்டான் பாதகன்! நாயகரின் தோள்கள் விம்மின, கிரீஸ் தோய்ந்த கரம் திருப்புளியைத் தேடிப் பற்றிற்று, எத்தனையோ நாட்களாய் அடங்கிக் கிடந்த குருதி தலைக்கேறிற்று. மகளைப் பேசவும் விடாமல், பத்துத் தளங்களும் எதிரொலிக்க, குடியிருப்போர் பலர் கதவு திறந்து எட்டிப் பார்க்க, இருட்குழி அதிர ஆணைகளைப் பொழிந்தார்:

"பதறாத பாப்பா! மொதல்ல சார்ஜரக் கழட்டு! பவர் பட்டன அமுக்கிப் புடி, விட்றாத! எதையும் தொறக்காத! கம்பெனிக்காரன் எவனையும் கூப்பிடாத! அப்பா இன்னைக்கே ரயிலேறி வரேன், நீ அது பக்கத்துலயே இரு!"

முழக்கம் அடங்கிற்று. எஃகுவடங்கள் அதிர்ந்து ஓய்ந்தன. கீழே பேழைக்குள் சிக்கியிருந்தவர்களும் தம் துயர் மறந்து செவிசாய்த்தனர். கூரைமேல் நின்ற வீரர், நெற்றி விளக்கொளியில் திருப்புளி பளபளக்க, மறுமொழிக்காக மூச்சடக்கி நின்றார்.

மடிக்கணினி நன்றாகத்தான் இருந்தது, பாப்பா சும்மாதான் கூப்பிட்டிருந்தாள்.